ஆணி இறங்காத மரங்கள்

(வீடு கட்டுவோர், பொறியாளர், தச்சர் கூடிய ஒரு கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மிகக் கடினமான மரங்களைப் பற்றியும் அவற்றைக் கட்டடத்தில் பயன்படுத்துவது பற்றியும் பேசச் சொன்னார்கள். வீடு கட்டப் புறப்பட்டவர் மரக்கடைக்குப் போனதும் கேட்கிற முதல் கேள்வி, “நல்ல கட்டியான மரம்தானே?” என்பது. கட்டியாக இருந்துவிட்டால் காலத்துக்கும் நிற்கும் என்று நமக்கு ஒரு நம்பிக்கை. அது பாதி சரி. சரியில்லாத பாதியைப் பற்றித்தான் நான் அதிகம் பேசப்போகிறேன்.

முதலில், கடினத்தை எப்படி அளக்கிறார்கள் என்று பார்ப்போம். கேப்ரியேல் யான்கா என்ற ஆஸ்திரிய மர ஆய்வாளர் 1906-இல் ஒரு சோதனையை வகுத்தார். 11.28 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டை மரத்தின் மேல் வைத்து, அது சரிபாதி உள்ளே புதையும் வரை அழுத்த வேண்டும். அதற்கு எவ்வளவு விசை தேவைப்பட்டதோ அதுவே அந்த மரத்தின் கடினம். 11.28 என்ற விநோதமான எண்ணுக்குக் காரணம் எளியது. அந்தக் குண்டை நடுவில் வெட்டினால் கிடைக்கும் வட்டத்தின் பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டர். கணக்குப் போடச் சௌகரியம், அவ்வளவுதான்.

இந்தச் சோதனையில் தேக்கு எவ்வளவு வாங்கும் என்று நினைக்கிறீர்கள்? சுமார் 1,000 பவுண்டு விசை. மேற்கிந்தியத் தீவுகளில் வளரும் லிக்னம் வைட்டே என்ற மரம் 4,000-க்கு மேல் வாங்கும். பிரேசில் பக்கத்து ஐப்பே மரம் 3,500-ஐ ஒட்டி வரும். நம் வீட்டு நிலைக்கும் கதவுக்கும் ராஜா என்று நாம் கொண்டாடும் தேக்கு, கடினத்தில் நடுத்தரம்தான். இன்னொரு வேடிக்கை கேளுங்கள். ரப்பர் தோட்டத்தில் பால் வற்றியதும் வெட்டித் தள்ளுகிற ரப்பர் மரம் இருக்கிறதே, அதுவும் தேக்குக்குச் சற்றுக் குறைவாக, 900 பவுண்டு அளவில் வந்து நிற்கும். எஃகுக் குண்டின் கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்று. ஆனால் மருந்து ஏற்றாத ரப்பர் பலகையை வீட்டில் வைத்துப் பாருங்கள். பூஞ்சை கறுப்பாகப் படரும், வண்டு துளைக்கும், கொஞ்ச காலத்தில் மாவாக உதிரும். அதனால்தான் அறுத்த கையோடு போரான் உப்புக் கரைசலை அதில் ஏற்றுகிறார்கள். தேக்குக்கு அந்தப் பாடு எதுவும் இல்லை.

மறுபுறமும் உண்டு. அமெரிக்காவின் ஹிக்கரி தேக்கைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கடினம். கோடரிக்கும் சுத்தியலுக்கும் காம்பு போட அங்கே அதைவிட நல்ல மரம் இல்லை என்பார்கள். அதே ஹிக்கரியைக் கம்பமாகச் செதுக்கி ஈர மண்ணில் நட்டால் சீக்கிரமே மட்கிவிடும். ஆக, அடி தாங்குவது ஒரு குணம், ஆண்டு தாங்குவது வேறொரு குணம்.

இதற்குக் காரணம் மரத்தின் உள்ளே இருக்கிறது. மரம் என்பது கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்களின் கட்டு. அந்தக் குழாய்ச் சுவரின் பொருள், முருங்கையானாலும் கருங்காலியானாலும் கிட்டத்தட்ட ஒன்றேதான். அதன் அடர்த்தி தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு. முருங்கையில் சுவர் மெலிசு, நடுவில் காற்று அதிகம். லிக்னம் வைட்டேயில் சுவர் தடித்து, குழாயின் துவாரம் ஊசிமுனையாகச் சுருங்கி, மிச்சத்தையும் பிசின் அடைத்துக்கொண்டிருக்கும். அதனால்தான் அது தண்ணீரில் போட்டால் மூழ்குகிறது. கடினம் என்பது பெரும்பாலும் இந்தச் சுவரின் தடிமன்தான்.

ஆண்டு தாங்கும் குணம் வேறு வழியில் வருகிறது. மரம் பருக்கப் பருக்க, உள்ளே இருக்கும் பழைய வளையங்கள் நீர் கடத்துவதை நிறுத்திவிடும். அங்கே உயிரோடு இருந்த செல்கள், சாகுமுன் பிசின், எண்ணெய், டானின், இன்னும் பலவிதக் கசப்புப் பொருள்களைச் சுரந்து அக்கம்பக்கத்துச் சுவர்களில் ஏற்றிவிடும். அதைத்தான் நாம் சேகு என்கிறோம், வைரம் பாய்ந்தது என்கிறோம். தேக்கின் சேகில் கரையானுக்கு ஆகாத டெக்டோகுயினோன் என்ற பொருள் இருக்கிறது. வெளியே இருக்கும் வெள்ளைப் பகுதியில் இந்தக் காவல் கிடையாது. எவ்வளவு பெயர்பெற்ற மரமானாலும் அதன் வெள்ளை பூச்சிக்குச் சாப்பாடு. ரப்பர் மரத்தின் கதை இப்போது விளங்கியிருக்கும். சுவர் தேக்களவு தடிப்பு, காவல் மட்டும் இல்லை.

வைரம் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது நம்மவர்களுக்குப் புதிதல்ல. தொல்காப்பியத்தின் மரபியலில், வெளிப்புறம் வைரம் உள்ளவற்றைப் புல் என்றும், உட்புறம் வைரம் உள்ளவற்றை மரம் என்றும் பிரித்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் பனையும் தென்னையும் புல். இன்றைய தாவரவியலும் பனையைப் புல்லோடுதான், ஒருவித்திலைத் தாவரங்களில்தான், சேர்க்கிறது. தச்சனுக்கு இது வெறும் இலக்கணம் அல்ல. பனையை அறுக்கும்போது வெளிவட்டத்தில் கறுத்த நார்கள் நெருங்கிக் கிடக்கும் பகுதிதான் கைமரத்துக்கும் சட்டத்துக்கும் ஆகும். நடுவில் இருப்பது சோறு, அதைக் குடைந்து எறிந்துவிட்டு மிச்சத்தைத் தண்ணீர் ஓடும் வாய்க்காலாக வைப்பார்கள். தேக்கில் நேர்மாறு, உள்ளே இருப்பதை வைத்துக்கொண்டு வெளியே இருப்பதைக் கழிக்க வேண்டும். பனையை இளசாக வெட்டினால் வெளிவட்டமும் தேறாது. நன்றாக முற்றிய மரமாக இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்தது. நல்ல காரியம்.

இனி, கடினமும் காவலும் ஒரே மரத்தில் கூடி வந்தால் என்ன செய்யலாம் என்பதற்கு, எனக்கு மிகவும் பிடித்த உதாரணத்துக்கு வருகிறேன்.

கண்டிக்குப் பக்கத்தில் பேராதனை. கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகும் சாலை அங்கே மகாவலி ஆற்றைக் கடக்கிறது. 1833-இல் அந்த இடத்தில் ஒரு பாலம் கட்டி முடித்தார்கள். வடிவமைத்தவர் ஃபிரேசர் என்ற பிரித்தானியப் படை அதிகாரி. நடுவில் தூண் கிடையாது. கரைக்குக் கரை ஒரே வில், நீளம் 205 அடி. அந்த வில் பெரும்பாலும் முதிரை மரத்தால் ஆனது. ஆணி இல்லை, போல்ட்டும் இல்லை. இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், 1859-இல் வெளியான தன் நூலில் இந்தப் பாலத்தை வியந்து எழுதியிருக்கிறார்.

முதிரை என்பது இலங்கைத் தமிழர் வழங்கும் பெயர். நம் பக்கத்துக் காடுகளில் அதையே பொரசு என்பார்கள். வன்னிக் காட்டிலிருந்து வந்த முதிரையும் பாலையும்தான் யாழ்ப்பாணத்து வீடுகளில் நிலையாகவும் தூணாகவும் நின்றன. முதிரை கடினத்தில் தேக்கைப் போல் இரண்டு மடங்குக்கு மேல், எடையில் தண்ணீரை ஒட்டி வரும். இழைத்தால் பட்டுத்துணி மாதிரி மின்னும். அறுக்கிறவர்களுக்கு அதன் தூள் தோலில் அரிப்பைக் கொடுக்கும். அது மரத்தின் காவல் பொருள் செய்கிற வேலை. பூஞ்சைக்கு விஷமானது நமக்கு மட்டும் சந்தனமாக இருக்குமா?

பொறியாளர்கள் கொஞ்சம் கூர்ந்து கேளுங்கள். முதிரை நடுத்தர உயரமுள்ள மரம். அதிலிருந்து 205 அடிக்கு ஒரே உத்திரம் எடுக்க முடியாது. ஆகவே குட்டையான கட்டைகளை முனையோடு முனை முட்டவைத்து வில்லாக வளைத்தார்கள். வில்லில் ஒவ்வொரு கட்டையும் பக்கத்துக் கட்டையை நெருக்கித் தள்ளும். இழுவிசை கிட்டத்தட்ட இல்லை. இழுவிசை இல்லாத இடத்தில் ஆணிக்கு என்ன வேலை? தேவைப்படுவது ஒன்றுதான். முனைகள் நசுங்கக்கூடாது. மென்மையான மரமாக இருந்தால் பாரம் ஏற ஏற முட்டும் இடங்கள் நசுங்கி, வில் கொஞ்சம் கொஞ்சமாகத் தொய்ந்திருக்கும். முதிரை நசுங்கவில்லை. யான்காவின் குண்டுச் சோதனை வருவதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே, அந்தச் சோதனை அளக்கிற குணத்தை அது மிகத் தேவைப்படும் இடத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் போன அந்தப் பாலத்தை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் பிரித்தார்கள். ஈரம் குறையாத மலைநாட்டில், ஓடும் ஆற்றின் மேல், இது சாதாரணக் காலம் அல்ல.

ஆணி இல்லை என்றதும் அதை ஏதோ மந்திர வித்தை மாதிரிச் சொல்லிப் பரவசப்படுகிறவர்கள் உண்டு. பின்வரிசையில் இருக்கும் ஆசாரிமார்களைக் கேளுங்கள், உண்மையைச் சொல்வார்கள். இப்படிப்பட்ட மரத்தில் ஆணி அடித்தால் ஒன்று ஆணி வளையும், இல்லை மரம் பிளக்கும். முதலில் துளை போட்டுக்கொள்ள வேண்டும். எண்ணெய்ப் பசை மிகுந்த மரமென்றால் பசையும் சரியாக ஒட்டாது. அதனால் ஒரு மரத்தின் முனையை நாக்காகச் செதுக்கி, மற்றதில் பொளிந்த குழியில் இறக்கி, குறுக்கே மர ஆணி தைப்பதுதான் இதற்கு இயல்பான வேலை. உளிக்கு அடிக்கடி சாணை பிடிக்க வேண்டியிருக்கும், கூலி ஏறும். ஆனால் அப்படிச் சேர்த்த மூட்டைப் பிரிக்கலாம், கெட்ட கட்டையை மட்டும் மாற்றலாம். கான்கிரீட்டில் இந்த வசதி கிடையாது.

தண்ணீருக்குள் நிற்கும் கட்டுமானத்துக்கு வருவோம். கடலில் மரத்துக்கு ஒரு தனி எதிரி உண்டு, கப்பற்புழு. பெயர்தான் புழு, உண்மையில் அது சிப்பி இனம். ஓடு சுருங்கி அரம் போலாகி மரத்தைக் குடையும். வெளியே சிறு துளைதான் தெரியும், உள்ளே மரம் தேன்கூடாகிவிடும். தென் அமெரிக்காவின் கயானாவில் வளரும் கிரீன்ஹார்ட் இந்தப் புழுவை நன்றாக எதிர்த்து நிற்கும். அதனால் ஆங்கிலேயர்கள் துறைமுகத் தூண்களுக்கும் கப்பல்துறை மதகுக் கதவுகளுக்கும் அதையே தேடிப் போனார்கள். இந்த மரத்தை அறுப்பவர்கள் எச்சரிக்கையாக இருப்பார்கள். உள்ளே அடங்கியிருக்கும் அழுத்தம் வாள் பட்டதும் விடுபட்டு, கட்டை திடீரென்று வெடித்துப் பிளக்கும். அதற்காகக் கட்டையின் முனையில் சங்கிலி சுற்றி அறுப்பார்கள்.

போர்னியோவில் இதற்கு ஒரு பங்காளி உண்டு. சரவாக்கில் பெலியான் என்றும் இந்தோனேசியப் பக்கத்தில் உலின் என்றும் சொல்வார்கள். அங்குள்ள பழங்குடியினரின் நீளவீடுகளுக்குக் கால் நடுவதும் கூரைக்கு ஓடு வெட்டுவதும் இந்த மரத்தில்தான். ஆமாம், மரத்தில் ஓடு. மெல்லிய துண்டங்களாகப் பிளந்து அடுக்கினால் கொட்டும் மழையைத் தாங்கும். வீட்டை வேறு இடத்துக்கு மாற்றும்போது தூண்களைப் பிடுங்கி எடுத்துப்போய் மறுபடி நடுவார்கள். கிரீன்ஹார்ட்டும் பெலியானும் பெருங்கடல்கள் பிரித்த இரண்டு கண்டங்களில் வளர்பவை, ஆனாலும் ஒரே தாவரக் குடும்பம். எந்தக் குடும்பம் தெரியுமா? நம் சமையலறையில் இருக்கும் இலவங்கப்பட்டையின் குடும்பம்.

காவல் எதிரியைப் பொறுத்தது என்பதற்கு ஒரு கப்பலைச் சொல்கிறேன். துருவப் பயணி ஷேக்கல்டன் அண்டார்டிகாவுக்குக் கொண்டுபோன என்டூரன்ஸ். பனிப்பாறை உரசலைத் தாங்குவதற்காக அதன் வெளிப்புறத்தில் கிரீன்ஹார்ட் போர்த்தியிருந்தார்கள். அப்படியும் 1915-இல் பனி அதை நொறுக்கி வெடல் கடலில் மூழ்கடித்தது. கடினத்துக்கும் ஓர் எல்லை உண்டு. 2022-இல் மூவாயிரம் மீட்டர் ஆழத்தில் அதைக் கண்டுபிடித்தபோது, பலகைகள் அநேகமாகக் கெடாமல் இருந்தன. கிரீன்ஹார்ட் மட்டுமல்ல, சாதாரண மரங்களும்தான். மரம் தின்னும் உயிர்கள் அந்தக் கடலில் அநேகமாக இல்லை. எதிரி இல்லாத ஊரில் கோட்டைச் சுவர் தேவைப்படவில்லை.

லிக்னம் வைட்டே பற்றி இரண்டு வார்த்தை. கப்பலின் சுழலித்தண்டு உடம்பைத் துளைத்து வெளியே வரும் இடத்தில் தாங்கியாக அதைத்தான் வைத்தார்கள். மரத்தின் பிசினே எண்ணெயாக வேலை செய்யும், தண்ணீர் பட்டால் போதும். முதல் அணுசக்தி நீர்மூழ்கியான நாட்டிலஸ் வரை அது போயிருக்கிறது. ஆனால் அது இயந்திரக்காரர் விஷயம், வீடு கட்டுகிறவருக்கு அதில் வேலையில்லை.

தீயைப் பற்றிப் பொறியாளர்கள் கேட்பார்கள் என்று தெரியும். மரம் எரியும், மறுக்கவில்லை. ஆனால் தடித்த உத்திரம் எரியும்போது வெளியே கரி படிந்து, அந்தக் கரியே உள்ளே வெப்பம் போகாமல் தடுக்கும். அடர்த்தியான மரத்துக்கு நிமிடத்துக்கு அரை மில்லிமீட்டர் அளவில்தான் கரியாகும் என்று ஐரோப்பிய விதிகள் கணக்கு வைக்கின்றன. அரைமணி நேரத்தில் ஒரு பக்கத்தில் ஒன்றரை சென்டிமீட்டர். மூடாத எஃகு உத்திரமோ ஏறக்குறைய 550 பாகை செல்சியசை எட்டினால் பாதி வலிமையை இழந்து வளையத் தொடங்கும். மெல்லிய பலகைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

இவ்வளவு நல்ல மரம் என்றால் எல்லோரும் வாங்கலாமே என்று கேட்கலாம். கடினமும் காவலும் கூடி வர இந்த மரங்கள் நூற்றாண்டுக் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. பெலியான் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர்கூடப் பருக்காது. நியூயார்க்கில் கோனி தீவுக் கடற்கரையில் 1923-இல் திறந்த மரப்பலகை நடைபாதை இருக்கிறது. கடலோர வெயிலும் உப்பும் கோடி மிதியும் தாங்க வேண்டும் என்று அதற்குப் பின்னாளில் வெப்பமண்டலக் காட்டு ஐப்பேயைப் போட்டார்கள். மழைக்காட்டு மரத்தை மிதிக்கப் போடுவதா என்று எதிர்ப்பு எழுந்து, 2008-இல் நகர நிர்வாகமே அதைக் குறைப்பதாக அறிவித்தது. 2024 இறுதியிலிருந்து ஐப்பே வணிகம், அருகிவரும் உயிரினங்களுக்கான சைட்டீஸ் உடன்படிக்கையின் கண்காணிப்பில் வந்துவிட்டது. என் கருத்தைக் கேட்டால், ஐப்பேயை மதகுக் கதவுக்கும் பாலத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். மொட்டைமாடியில் நாற்காலி போட்டுக் காற்று வாங்க அது தேவையில்லை.

பழைய மரத்தின் மறுபிறப்பையும் சொல்ல வேண்டும். இந்தியாவின் மிகக் கனத்த, மிகக் கடினமான மரங்களில் ஒன்று ஆச்சா. தருமபுரி, சேலம் பக்கத்து வறண்ட காடுகளில் வளரும். தஞ்சை மாவட்டத்து நரசிங்கம்பேட்டையில் நாகசுரம் செய்கிறவர்கள் இந்த ஆச்சாவைத்தான் கடைகிறார்கள். 2022-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அவர்கள் புதிதாக வெட்டிய மரத்தை நாடுவதில்லை. இடித்த பழைய வீட்டிலிருந்து வந்த, பல பத்தாண்டு காய்ந்து ஆடி அடங்கிய உத்திரமும் தூணும்தான் வேண்டும். புது மரம் பிறகு சுருங்கினால் சுரம் மாறிவிடும் அல்லவா? பழைய ஆச்சாத் தூணை விறகுக்குப் போடுகிறவர் தயவுசெய்து ஒரு தடவை யோசியுங்கள்.

மென்மரத்துக்குக் காவலை வெளியிலிருந்து ஏற்றும் வழியும் இப்போது வந்துவிட்டது. நெதர்லாந்தில் ஸ்னேக் என்ற ஊரில் 2008-இல் ஒரு நெடுஞ்சாலைக்கு மேல் மரப்பாலம் கட்டினார்கள். 32 மீட்டர் நீளம், 60 டன் வண்டியைத் தாங்கும். மரம் என்ன மரம்? வேகமாக வளரும் ரேடியேட்டா பைன். அசிட்டிக் அன்ஹைட்ரைடில் பக்குவப்படுத்தினால், மரச்சுவரில் தண்ணீரைப் பிடித்துவைக்கும் இடங்கள் அடைபட்டுவிடும். ஈரம் ஏறாத மரத்தில் பூஞ்சை பிழைக்க முடியாது. கவனியுங்கள், இதனால் அந்தப் பைன் இரும்பாகிவிடவில்லை. யான்காவின் குண்டு அதில் இன்றும் தேக்கைவிடச் சுலபமாக இறங்கும். முதிரை கடினம், காவல் இரண்டையும் சேர்த்தே கொடுத்தது. இங்கே காவலை வேதியியல் பார்த்துக்கொள்கிறது, பாரத்தைக் கட்டைகளை ஒட்டிப் பருமனாக்கிய உத்திரம் தாங்குகிறது.

கடைசியாக மரக்கடை விஷயம். இப்போது தோட்டத் தேக்கு என்று பதினைந்து, இருபது ஆண்டில் வெட்டி விற்கிறார்கள். பெயர் தேக்குதான், ஆனால் தடியில் கணிசமான பங்கு வெள்ளை. அந்தத் துண்டில் செய்த நிலையைக் கரையான் அரித்தால் தேக்கு மோசம் என்று ஊரெல்லாம் சொல்லாதீர்கள். வாங்கும்போது முனையைப் பாருங்கள், எங்கே நிறம் மாறுகிறது என்று கவனியுங்கள், வெள்ளையைக் கழித்துக் கன அடி போடச் சொல்லுங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை. கையில் காசு குறைவென்றால், நிலைக்கும் வாசற்படிக்கும் மட்டும் சேகு மரம் போடுங்கள். ஈரமும் மிதியும் அங்கேதான். உள்ளறைக் கதவுக்கு மருந்து ஏற்றிய ரப்பர் மரம் போதும்.

இன்னும் நேரம் இருக்கிறது, கேள்விகளுக்கு வரலாம். ஆசாரிமார்கள் முதலில் கேட்கட்டும். நான் சொன்னதில் பிசகு இருந்தால் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.